வலிக்காத கால்

டிசம்பர் 14, சனி

என் இடது கால் வீங்கியிருக்கிறது என்று வீட்டில் ஒரு புரளி கிளம்பியிருக்கிறது. கிளப்பியவள் என் மனைவி பஞ்சவர்ணம். காலையில் காபியைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு காலும் ஒண்ணுபோல இல்லையே" என்றாள். குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "கொதிக்குதுங்க" என்றாள். எனக்கு ஒன்றும் கொதிக்கவில்லை. கணுக்காலுக்குக் கீழே கொஞ்சம் சிவந்து உப்பலாக இருக்கிறது, அவ்வளவுதான். அறுபது தாண்டியவன் கால் பின்னே எப்படி இருக்கும்? வலி என்று ஒன்று இருந்தால்தானே வைத்தியம்?

நேற்று கார்த்திகை தீபம் பார்த்துவிட்டு வரும்போது டீக்கடைக்காரர் என் இடது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். "ஒத்தச் செருப்போட போறீங்களே சார்" என்று சிரிப்பு வேறு. காலில் போட்ட செருப்பு எனக்குத் தெரியாமல் எப்படிக் கழலும்? அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எவனோ வேண்டுமென்றே கழற்றி ஒளித்திருக்கிறான். அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். மேலூரில் பாதிப் பேரை ஏதாவது ஒரு ஸ்டாப்பில் இறக்கிவிட்டிருக்கிறேன். பழைய கோபம் இருக்கத்தான் செய்யும்.

சாயங்காலம் பஞ்சவர்ணம் கொல்லைப்புறம் போய் போனில் பேசினாள். தம்பியிடம்தான். என்னைக் கண்டதும் "சரி சரி, வைக்கிறேன்" என்றாள்.

டிசம்பர் 16, திங்கள். மார்கழி முதல் தேதி

மாலை போடும் நாள். பழனிக்குப் பாதயாத்திரை போகும் எங்கள் குழு முழுக்க விடியுமுன்னே கோயிலுக்கு வந்துவிட்டது. குருசாமி என்ற முறையில் எல்லாருக்கும் நானே மாலை போட்டுவிட்டேன். தைப்பூசம் முடிகிறவரை இனிக் காலில் செருப்பு கிடையாது.

மேலூரிலிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி. இத்தனை வருடமாக முன்னால் வேல் பிடித்து நடக்கிறவன் நான்தான். பெருமைக்காக எழுதவில்லை, உண்மையை எழுதுகிறேன்: நாலைந்து வருடமாக அந்தப் பாதையில் எனக்கு வலி என்பதே கிடையாது. உச்சி வெயிலில் மற்றவர்கள் சூடு பொறுக்காமல் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டில் கால் மாற்றிக் கால் வைத்துத் தாவுவார்கள். நான் நட்டநடுத் தாரில் நடப்பேன். ஒட்டன்சத்திரம் மண்டபத்தில் அத்தனை பேரும் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கிடக்கும்போது நான் வாளியைத் தூக்கிச் சாம்பார் ஊற்றுவேன். "குருசாமி கால்ல முருகன்ல நடக்குறான்" என்று பூக்கார வெள்ளையம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நான் மறுத்ததில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றும். உள்ளதைச் சொன்னால், அதை நினைத்துத் தனியாக இருக்கும்போது அழுதிருக்கிறேன்.

எல்லாரும் போன பிறகு மச்சினன் சேவுகமூர்த்தி மட்டும் தங்கினான். உரக்கடை வைத்திருக்கிறான். பேச்சு இனிப்பாக இருக்கும். "மச்சான், அந்தக் காலைக் கொஞ்சம் காமிங்க" என்றான்.

"கால்ல என்ன மாப்ள இருக்கு?"

"அக்கா சொல்லுச்சு. மதுரையில காலுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். எங்கிட்டதான் கார் இருக்கே, ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்."

பேசும்போது அவன் கண் என்னிடம் இல்லை. மூலையில் சாத்தியிருந்த வேலில் இருந்தது. டிக்கெட் எடுக்காதவன் கண்டக்டரைப் பார்க்கமாட்டான், ஜன்னலைப் பார்ப்பான். எனக்குத் தெரியாதா?

டிசம்பர் 20, வெள்ளி

பஞ்சவர்ணம் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. டாக்டரிடம் வரச் சம்மதித்தால்தான் சாப்பிடுவாளாம். அக்காளும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். உடனே இரண்டு தோசை சாப்பிட்டாள்.

டிசம்பர் 23, திங்கள்

மதுரைக்குப் போய் வந்தோம். காரை ஓட்டியது சேவுகமூர்த்தி. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வரவேற்பில் இருந்த பெண் அவனைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றாள். அவன் கடையில் உரம் வாங்கும் யாரோ ஒருவருடைய மகளாம். கேட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா பெயர் நர்மதா. சின்ன வயசு. மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்துக்கொண்டு, "கண்ணை மூடிக்கங்க ஐயா. இது பாதத்துல படும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க" என்றார். என்னிடமே பரீட்சையா? இமையை ஒரு நூல் அளவு திறந்து வைத்துக்கொண்டேன். அவர் தோள் அசையும்போதெல்லாம் "ஆமா, ஆமா" என்றேன். இடையில் அவர் நிறுத்தி, "இப்ப நான் தொடவே இல்லையே ஐயா" என்றார். தொடாமல் கையை அசைத்து என்னை மாட்டிவிடப் பார்த்திருக்கிறார். இந்தத் தந்திரமெல்லாம் நான் பார்க்காததா? பஞ்சவர்ணம் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எக்ஸ்ரே. படத்தை வெளிச்சத்தில் வைத்து, நடுப்பாதத்து எலும்புகள் உடைந்து இடம் மாறி இருப்பதாகச் சொன்னார். ஒன்றல்ல, பல எலும்புகளாம்.

"எலும்பு ஒடைஞ்சவன் மாடிப்படி ஏறி வருவானாம்மா?" என்று கேட்டேன். ஏறித்தான் வந்திருந்தேன்.

"சாதாரணமா முடியாது ஐயா. உங்களுக்கு சர்க்கரையால கால் நரம்பு கெட்டுப்போச்சு. வலி தெரியல. ஒடைஞ்ச எலும்பு மேலயே நடந்துக்கிட்டு இருக்கீங்க. மூணு மாசம் மாவுக்கட்டு. கால் தரையில ஊனவே கூடாது."

மூன்று மாதம். தைப்பூசம் அதற்குள் வந்து போய்விடும். நான் திரும்பி சேவுகமூர்த்தியைப் பார்த்தேன். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த எக்ஸ்ரே என்னுடையது இல்லை. எனக்கு முன்னால் ஒரு ஆளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் முனகிக்கொண்டே போனான். அவனுடைய படமாக இருக்கும். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கொட்டாம்பட்டி பக்கம் எலும்புக் கட்டுப் போடுகிறவரிடம் போனேன். கையாலேயே தடவிச் சொல்லிவிடுவார், பொய் எக்ஸ்ரே தேவையில்லை. பெருவிரலால் நடுப்பாதத்தை அழுத்தி, "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். இன்னும் அழுத்தினார். உள்ளே ஏதோ நறநறவென்ற சத்தம் கேட்டது. என் காலிலிருந்தா, அவர் உட்கார்ந்திருந்த பலகையிலிருந்தா தெரியவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார்.

"நான் இதுல கட்டுப் போடமாட்டேன் சார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே போங்க."

கட்டுப் போட்டுப் பிழைக்கிறவர் கட்டுப் போட மாட்டேன் என்கிறார்! சேவுகமூர்த்தி இவருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். நான் இங்கே வருவேன் என்று எப்படித் தெரிந்ததோ.

டிசம்பர் 27, வெள்ளி

மாவுக்கட்டுப் போட்டாகிவிட்டது. பஞ்சவர்ணத்தின் அழுகைக்காகத்தான். முழங்காலுக்குக் கீழே மூட்டை கட்டிய மாதிரி இருக்கிறது. ஒரு வாக்கரும் கொடுத்திருக்கிறார்கள். அது சமையலறை வாசலில் துணி காயப் போட உதவுகிறது. அவள் கடைக்குப் போகும் நேரமெல்லாம் நான் கட்டோடு சாதாரணமாகத்தான் நடக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று கையும் களவுமாகப் பிடித்தேன்.

உரக்கடையில் கூட்டம் நடப்பதாக டீக்கடையில் காதில் விழுந்தது. ஆட்டோ பிடித்துப் போனேன். கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தச் சொல்லி உள்ளே இருந்தபடியே பார்த்தேன். குழுவில் பாதிப்பேர் இருந்தார்கள். சேவுகமூர்த்தி கையில் ஒரு மூங்கில் கம்பு. அதை நிமிர்த்திப் பிடித்து முன்னால் நின்றான், மற்றவர்கள் பின்னால் இரண்டு வரிசை. அவன் ஏதோ சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் இறங்கிப் போனதும் பேச்சு அப்படியே நின்றது. கம்பை மூட்டைகளுக்கு நடுவே செருகிவிட்டு, "வாங்க மச்சான், கட்டோட ஏன் வந்தீக?" என்றான். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளையம்மா மட்டும் எழுந்து வந்து, "சாமி, நீங்க இல்லாம எப்புடி?" என்றாள். அந்தக் கூட்டத்தில் ஒரே நல்ல ஆத்மா.

மூலையில் சாத்தியிருந்த வேலை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் மாற்றி வைத்துவிட்டேன்.

ஜனவரி 15, புதன். மாட்டுப் பொங்கல்

பஞ்சவர்ணம் தம்பி வீட்டுக்குப் பொங்கச் சோற்றுக்குப் போயிருந்தாள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வாளியில் வெந்நீர் ஊற்றி, கட்டை நன்றாக ஊறவைத்து, ஆக்சா பிளேடால் மேலிருந்து கீழே அறுத்தேன். பிளேடு சுலபமாகத்தான் போனது. வாளித் தண்ணீர் ரோஸ் நிறத்துக்கு மாறியது. மாவில் ஏதோ சாயம் கலந்திருக்கிறார்கள். அதை எதற்குக் கலக்கிறார்களோ.

கால் முன்பு இருந்த மாதிரி இல்லை. உள்ளங்காலில் குழி இருக்க வேண்டிய இடம் புடைத்துக்கொண்டிருக்கிறது. இறுக்கிக் கட்டினால் இப்படித்தான் ஆகும். கட்டுத் துண்டுகளைக் கோணியில் போட்டு முனிசிபாலிட்டி வண்டியில் ஏற்றிவிட்டேன். காலில் ஒரு வேட்டித் துணியைச் சுற்றியிருக்கிறேன்.

ஜனவரி 16, வியாழன்

மொட்டை மாடியில் நடந்தேன். வலி இல்லை. முருகா.

ஜனவரி 19, ஞாயிறு

பெரிய சண்டை. கட்டு இல்லை என்று அன்றைக்கே பார்த்துவிட்டாள், மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை, இன்றைக்குத்தான் வெடித்தாள்.

"அந்தக் காலைப் பாருங்க. அடி வளைஞ்சு தோணியாட்டம் கெடக்கு. இதை வச்சுக்கிட்டு பழனிக்கு நடக்கப் போறீகளா?"

"நடத்துறவன் முருகன். உனக்கென்ன?"

"என் தம்பி உங்க வேலைப் புடுங்க வர்றான்னுதானே நெனக்கிறீக?"

"நான் சொல்லலை. நீயே சொல்லிட்ட."

"உங்களுக்கு எல்லாரும் டிக்கெட் இல்லாம ஏறுனவங்கதான்" என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அரிசி களையப் போய்விட்டாள். தண்ணீர் ஊற்றுவதும் கொட்டுவதுமாக நெடுநேரம் களைந்துகொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுத்தால் வேல் கை மாறிவிடும்.

அடுத்த ஞாயிறு அழகர்கோயில் வரை ஒத்திகை நடை. நானே முன்னால் நடக்கிறேன் என்று எல்லாருக்கும் சொல்லியனுப்பிவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள். மதுரை, ஆஸ்பத்திரி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

விடியலில் கிளம்பினோம். வேல் என் கையில். சேவுகமூர்த்தி வரிசையில் கடைசியில் வந்தான், நான்தான் அங்கே நிற்கச் சொன்னேன். பனி இருந்தது, நடக்கச் சுகமாக இருந்தது. காலில் சுற்றியிருந்த துணி வழியில் எங்கேயோ அவிழ்ந்து போயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. வல்லாளப்பட்டி தாண்டி ஒரு தெருவில் புதிதாகச் சிமெண்ட் ரோடு போட்டிருந்தார்கள். அந்தத் தெருவை முடித்துத் திரும்பும்போது பின்னால் அரோகரா சத்தம் நின்றுபோய்விட்டது. திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளையம்மா நடுரோட்டில் மண்டியிட்டிருந்தாள். அவளுக்கு முன்னால் சிமெண்டில் சிவப்பாக ஒரு பாதம். அதற்கு முன்னால் இன்னொன்று. தெரு முனையிலிருந்து வரிசையாக வந்திருந்தது. அவள் அதை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்களும் குனிந்தார்கள்.

யாரோ காயத்தை மறைத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. விரதத்தில் பொய் கூடாது. "எல்லாரும் நின்ன எடத்துலயே நில்லுங்க. ஒவ்வொருத்தரா காலைத் தூக்கிக் காட்டுங்க" என்றேன். பஸ்ஸில் பார்ப்பது போலவே முன்னாலிருந்து ஆரம்பித்தேன். ஒருவர் விடாமல் பார்த்தேன். தூசி, கரம்பை மண், ஒருவருக்கு வெடிப்பு, ஒருவருக்குப் பழைய தழும்பு. ரத்தம் இல்லை. அடுத்தவர், அதற்கு அடுத்தவர். கடைசியில் சேவுகமூர்த்தி. இவன்தான் என்று நிச்சயமாக நினைத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் மாற்றி மாற்றிக் காட்டினான். சுத்தமாக இருந்தது.

"எல்லாரையும் பாத்தாச்சு" என்றேன்.

"இன்னும் ஒரு ஆள் பாக்கி மச்சான்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. தோளை என் பக்கம் கொடுத்தான்.

நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினேன். புடைத்திருந்த இடத்தின் நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு ஜல்லிக்கல், அழுத்தி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. சுண்டுவிரல் பக்கம் கறுத்திருந்தது. இத்தனை தூரம் அந்தக் கல்லின் மேல்தான் நடந்து வந்திருக்கிறேன். விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யாருடைய காலையோ தொடுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பயம் வந்தது. இதுவரை எந்தப் பஸ்ஸிலும் எந்த ரவுடியிடமும் வராத பயம்.

வெள்ளையம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். "இம்புட்டு ரத்தத்துலயும் முகம் சுளிக்கலையே சாமி. முருகனேதான்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அரோகரா போடுவதற்கு வாயைத் திறந்து தயாராக நின்றார்கள். நான் பேசாமல் இருந்திருந்தால் போட்டிருப்பார்கள். வேலைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்திருந்தால் அவர்கள் பழனி வரைக்கும் அந்தப் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டபடியே வந்திருப்பார்கள். அந்த ஆசை எனக்கு வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய்.

"தாயி, கண்ணைத் தொடைங்க. அது சீழும் ரத்தமும். எனக்குக் கால் செத்துப்போச்சு. சர்க்கரை. வலி தெரியல, அம்புட்டுதான். முருகனும் இல்ல ஒண்ணுமில்ல" என்றேன்.

சொல்லி முடித்ததும் கால் வலிக்காமலே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். சேவுகமூர்த்தி காரைக் கொண்டுவர ஆள் அனுப்பினான்.

ஜனவரி 28, செவ்வாய்

டாக்டர் நர்மதா வந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சீழ் எலும்பு வரை போய்விட்டதாம். சுண்டுவிரலையும் அதன் பின்னால் இருக்கும் எலும்பையும் எடுக்க வேண்டுமாம். "ரெண்டு நாள்ல எடுத்தா இதோட நிக்க வாய்ப்பு இருக்கு ஐயா. தள்ளிப்போட்டா முழங்காலுக்குக் கீழ எடுக்கறமாதிரி ஆயிடும்."

பயமுறுத்தி வெட்டுவது ஒரு வியாபாரம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேறு இடத்தில் ஒரு முறை காட்டிவிட்டு வருகிறேன் என்றேன். "தாராளமா. ஆனா இன்னைக்கே காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் சேவுகமூர்த்தி வந்தான். நேராகவே கேட்டேன், "மாப்ள, உனக்கு அந்த வேல் மேல ஆசை உண்டா இல்லையா?"

கொஞ்ச நேரம் கட்டில் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "இல்லேன்னு சொன்னா நம்பவா போறீக? உண்டு மச்சான். ரொம்ப நாளா உண்டு. நீங்க கட்டுப் போட்ட அன்னைக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்கூட பட்டேன். அதுக்காக உங்க காலை ஒடைக்கச் சொல்லி டாக்டருக்கு எழுதிக் குடுத்தேனா?"

என் சந்தேகத்தில் ஒன்றாவது சரியாக இருந்தது. அதில் ஒரு சின்னத் திருப்தி. ஆனால் மற்றதில் எது சரி, எது தப்பு என்று பிரிக்கத் தெரியவில்லை. ஆப்பரேஷனுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. நாளைக் காலை வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். காலுக்குள் என்ன இருக்கிறது என்று இவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றால், எதை வைத்து நான் நம்புவது?

ஜனவரி 29, புதன்

காலையில் பையை எடுத்து வைக்கச் சொன்னேன். பஞ்சவர்ணம் அசையவில்லை. கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். போன வருஷம் பழனியில இருந்து வந்தீகளே, அப்ப உங்க கால் எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான். ஒரு முள்ளுகூட இல்ல. எல்லாருக்கும் கொப்புளம், எனக்கு ஒரு கீறல் கிடையாது."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? தூங்கி எந்திரிச்சுப் பார்த்தேன். சுத்தமா இருந்துச்சு."

அவள் என்னைப் பார்க்காமல் போர்வை நுனியை மடித்து மடித்துப் பேசினாள். "பஸ்ஸ விட்டு எறங்கி வந்து குளிச்சுச் சாப்புட்டுப் படுப்பீக. பகல் பூரா தூக்கம். நான் கால்மாட்டுல ஊசியும் மஞ்சளும் வச்சுக்கிட்டு உக்காருவேன். கருவ முள்ளு, கண்ணாடிச் சில்லு, ஒரு வருஷம் ஆணி. ஒண்ணொண்ணா எடுப்பேன். கொப்புளத்தக் கழுவுவேன். நீங்க ஒரு தடவகூட காலை இழுத்துக்கிட்டது இல்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"தெரிஞ்சுக்கிட்டேதான் படுத்திருக்கீகன்னு நெனச்சேன். எம்புட்டு வலியையும் வாய்விட்டுச் சொல்லாம, எல்லாருக்கும் முன்னாடி சிரிச்சுக்கிட்டு நடந்திருக்காரே மனுசன்னு நெனச்சேன். பெருமையா இருந்துச்சு. உங்க சாமிப் பேரைக் கெடுக்கவேணாம்னுதான் நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் ஒதுக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவேன். அந்த டாக்டரம்மா தொடத் தொட நீங்க திருட்டு முழி முழிச்சீகளே, அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. இந்த மனுசனுக்கு நெசமாவே தெரியலன்னு."

அழ ஆரம்பித்தாள். "அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா இந்த வெரல் இருந்திருக்கும்."

"அப்பவே சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. பழனியிலிருந்து வந்து முருகன் புகழ் பாடிக்கொண்டிருந்தவனிடம், ஆணி எடுத்தேன் என்று ஒருத்தி வந்து சொன்னால் என்ன சொல்லியிருப்பேன்? அவள் தம்பி சொல்லிக் கொடுத்தான் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மத்தியானம் வரை யோசித்தேன். எனக்கு முருகன்மேல் கோபம் வந்தது. அவன் என்ன செய்வான் என்றும் தோன்றியது. தூங்கிக்கொண்டிருந்த என் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒருத்தி வருடா வருடம் முள் எடுத்திருக்கிறாள். அதை நினைக்க நினைக்க வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆப்பரேஷனுக்குச் சம்மதம் என்று டாக்டரிடம் போய்ச் சொல்லச் சொன்னேன்.

பிப்ரவரி 1, சனி

எடுத்துவிட்டார்கள். மயக்கம். மேலே எழுத முடியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

குழு கிளம்பிவிட்டது. நேற்றே சேவுகமூர்த்தி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான், வலது காலை. வேலை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரே ஒரு உத்தரவு போட்டேன்: எங்கே தங்கினாலும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருவர் காலை இன்னொருவர் தூக்கிப் பார்க்க வேண்டும். சர்க்கரை இருக்கிறவர்கள் மாலை போட்டிருந்தாலும் செருப்புப் போட்டு நடக்க வேண்டும். "செருப்பா?" என்று திகைத்தான். "குருசாமி சொன்னார்னு சொல்லு. கேட்கலைன்னா பஸ் ஏத்தி அனுப்பிடு" என்றேன்.

வாசல் வரை போனவன் திரும்பி வந்து, "முன்னால நடக்கப் பயமா இருக்கு மச்சான்" என்றான். இருக்கட்டும், நல்லதுதான்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

காலையில் சாம்பார் தண்ணீராக இருந்தது. இந்த கேன்டீன்காரன்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

பத்து மணிக்குப் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்ற வந்தார்கள். டாக்டர் நர்மதா பழைய கட்டை அவிழ்த்துவிட்டு, "பாக்கிறீங்களா ஐயா?" என்றார். அவர் கழுவினாரா, அழுத்தினாரா, கத்தரித்தாரா, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தலையைத் தூக்கியிருந்தால் பார்த்திருக்கலாம். தலையணையில் சாய்ந்தபடி, "பஞ்சவர்ணம், நீ பார்த்துச் சொல்லு" என்றேன்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, குனிந்து நிதானமாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: வெட்டின எடத்துல சதை செவப்பா வளருது. சீழ் இல்ல. நாத்தம் இல்ல. கறுப்பு மேல ஏறல. மத்த நாலு வெரலும் நல்லா இருக்கு.